ஆவன செய்யப்படும்

புதுப் பேருந்தின் முகப்பில் கட்டிய வாழைக்கன்று வாடுவதற்குள்ளேயே கண்டக்டர் செல்லியம்மாளைப் படிக்கட்டில் மறித்துவிட்டார்.

"மீன் கூடைய ஏத்தமாட்டோம்மா. ரூல்ஸு."

அவள் தலைக்கூடையை இறக்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற எம்.எல்.ஏ. பூவராகவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய புருஷன்.

இந்த பஸ்ஸுக்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் குப்பத்துப் பெண்கள் பொன்னேரிச் சந்தைக்கு ஏழு மைல் நடப்பார்கள். போய்ச் சேர்வதற்குள் இறால் தளர்ந்து பாதி விலைக்கு வந்துவிடும். பஞ்சாயத்துத் தலைவராக ஒரு குழாய்க்கிணறு போட்டதற்கே நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் பூவராகவன். அறுபத்தேழில் சட்டசபைக்கு நின்றபோது பெண்டாட்டியே நிபந்தனை போட்டாள். "பஸ்ஸு வரணும். இல்லாங்காட்டி என் ஓட்டு உனுக்கு இல்ல." ஜெயித்துக் கோட்டைக்குப் போனார். அங்கே கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுத்தவன் இந்த ஊர் வாத்தியாராகிய நான்.

'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. அந்தத் தாளை ஊரெல்லாம் காட்டினார்.

"இன்னா அர்த்தம் வாத்தியாரே?" என்றாள் செல்லியம்மாள்.

"செய்வாங்கன்னு அர்த்தம்."

"எப்போன்னு போட்டுக்கீதா அதுல?"

இல்லை. அன்றிலிருந்து அவர் சோறு கேட்டால், "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டு அவள் வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவாள். குப்பமே அதைப் பிடித்துக்கொண்டது. வலை இரவல் கேட்டாலும் அதே பதில், பெண் கேட்டு வந்தாலும் அதே பதில். மனுஷன் அசரவில்லை. மூன்று வருஷம் கோட்டைக்கு நடையாய் நடந்து பஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார்.

"நான் சொல்றேன், ஏத்துப்பா" என்றார் இப்போது.

"ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க சார். ஆவன செய்வாங்க" என்றார் கண்டக்டர், பாவம், ஒன்றும் தெரியாமல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் வேண்டும் என்று எழுதிய மேதாவி, கூடையோடு ஏற வேண்டும் என்று எழுத மறந்திருந்தேன்.

செல்லியம்மாள் படிக்கட்டை விட்டுத் திரும்பி ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் பதினாறு கூடைகள் நடந்தன. பூவராகவன் மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் மீன் தண்ணீர் ஒழுகியது.

"சட்ட பாழாவுதுய்யா."

"ஆவட்டும். நீ பேசாம வா."

ஏரிக்கு நடுவே போட்ட ஒற்றை ரோடு அது. இரண்டு பக்கமும் தண்ணீர். முதல் டிக்கெட்டை ஆசையாக வாங்கியிருந்த நான் மட்டும் மடியில் மாலையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, வண்டி அவர்கள் பின்னால் ஊர்ந்தது. டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தார். ஒரு கூடையும் ஒதுங்கவில்லை.

கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். "சார், டைம் ஆவுது. கொஞ்சம் வழி உடுங்க."

பூவராகவன் திரும்பவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்த செல்லியம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஆவன செய்யப்படும்" என்றாள்.

டிரைவர் சிரித்துக்கொண்டே கியரை இறக்கினார். நீட்டிய தலையை உள்ளே இழுக்காமல், பஸ் கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்டக்டர் அண்ணாந்து பார்த்தார்.