பாதை இல்லை என்ற குறி

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் எர்மின் எட்டுப் பேருக்கு வைத்த சூப்பை நாங்கள் இரண்டு பேரும் மூன்று வேளை குடித்தோம். மீந்ததைப் பன்றிக்கு ஊற்றும்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மழை இல்லை. ரயில் வேலைநிறுத்தம் இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கச் செர்ரி பூத்துக் கிடக்கிறது. நடைக்காரர்கள் மட்டும் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

எர்மின் என் மனைவி. பத்துக் கட்டில் போட்ட விடுதி எங்களுடையது. ஃபிஜாக் பக்கமிருந்து செலே ஆற்றை ஒட்டி நடந்து வருகிறவர்கள் வால்ரோஷில் எங்களிடம்தான் இரவு தங்குவார்கள். சிலர் ஸ்பெயின்வரை நடக்கிற யாத்திரிகர்கள், சிலர் தொந்தியைக் கரைக்க வந்த பாரிஸ்காரர்கள். யாராக இருந்தாலும் மாலையில் மேசைக்கு வரும்போது ஒரே பசிதான். மரம் வெட்டி வெட்டி என் வலது தோள் விட்டுப்போன பிறகு அந்தப் பசிதான் எங்களுக்குப் பிழைப்பு. விடுதி படுத்தால் நான் மறுபடியும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும். போனால் ஒரு மாதம் தாங்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

மறுநாள் போன் அடித்தது. வருவதாக முன்பே சொல்லிவைத்திருந்த ஒரு பெண்.

“மன்னிச்சிடுங்க ஐயா, நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் தங்கிட்டோம். உங்க ஊருக்கு வர்ற பாதைய மூடிட்டீங்க போலிருக்கு.”

“யாரும்மா மூடினது?”

“குறி போட்டிருந்துச்சே. குறுக்குக் கோடு.”

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் பக்கத்து நடைபாதையில் மரத்திலும் கல்லிலும் இரண்டு கோடு போட்டிருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு. அது இருந்தால் நடக்கலாம். அந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றால் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். நாற்பது தாண்டி, மேயர் அலுவலக மாடியில் நடந்த மாலை வகுப்பில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். ஆனால் இந்தக் கோடுகளை அதற்கு முன்பே படிப்பேன். நடைக்காரர்களுக்கு இது வேதம். எங்கள் ஊர் மாதாகோயில் கூம்பு கண்ணெதிரே தெரிந்தாலும் குறி வேண்டாம் என்றால் திரும்பிவிடுவார்கள்.

கல்பாலத்துக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு ஓக் மரம். ஒன்று மேடேறி வால்ரோஷுக்கு வருகிறது. இன்னொன்று பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகிறது. எங்கள் பக்கத்துக் குறியின் மேல் குறுக்குக் கோடு. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பளிச்சென்று வெள்ளையும் சிவப்பும். வேலை சுத்தம். குறி போடுகிற நடைபாதைச் சங்கத்துக்காரர்கள் போட்டது போலவே இருந்தது. சங்கத்தில் கேட்டால் இந்த வருஷம் யாரும் இந்தப் பக்கம் பெயின்ட் டப்பாவோடு வரவே இல்லை என்றார்கள்.

காட்டில் எந்த மரத்தை வெட்டுவது என்று குறி போட வருகிற அதிகாரி, தன் நெஞ்சு உயரத்தில்தான் போடுவார். உயரத்தைப் பார்த்தே எந்த ஆள் வந்துபோனார் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். இந்தக் குறுக்குக் கோடு என் வயிற்றுக்கு நேராக இருந்தது. போட்டவன் குள்ளம்.

எங்கள் ஊரில் குள்ளம் என்றால் ஃபிர்மான். ஆட்டுக்காரன். பாதை அவன் மேய்ச்சல் நிலத்துக்குள்ளே போகிறது. நடைக்காரர்கள் வேலிப் படலைத் திறந்துபோட்டுப் போவதாக வருஷம் முழுக்கக் கத்துவான். ஆனால் லாபம் யாருக்கு? அக்கரையில் பழைய புகையிலைக் கொட்டகையை வாங்கி, நீச்சல் குளம் வெட்டி, அறை வாடகைக்கு விடுகிற திபோவுக்கு. லியோனிலிருந்து வந்தவன், ஒட்டகம் மாதிரி உயரம். கோபம் குள்ளனுக்கு, லாபம் நெட்டையனுக்கு. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால்?

கத்தியால் பெயின்டைச் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்து எர்மினிடம் சொன்னேன். அவள் காட்டுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வசந்தம் வந்தால் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கீரை பறிக்கப் போய்விடுவாள்.

“சுரண்டிட்டியா?” என்றாள்.

“பின்ன? விட்டுவைக்கவா?”

“மரத்தோட பட்ட போயிருக்குமே.”

“பட்டை போனா வளரும். பொழப்பு போனா வளருமா?”

அவள் கீரையைத் தண்ணீரில் போட்டு அலசினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் காப்பிக்கடையில் ஃபிர்மானைப் பிடித்தேன். சோம்பு மதுவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கடையில் இன்னும் நாலைந்து பேர். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றதைக் கவனித்தேன்.

“வாப்பா ஒதிலோன்,” என்றான் ஃபிர்மான். “கால் வலிக்காத யாத்திரிகன் நீ ஒருத்தன்தான். உக்காரு.”

“கையக் காட்டு.”

“எதுக்கு? ஜோசியமா?”

“பெயின்ட் இருக்கான்னு பாக்கணும்.”

கடையே சிரித்தது. அவன் இரண்டு கையையும் விரித்து நீட்டினான். ஆட்டுக் கொழுப்பும் தழும்பும்தான் இருந்தன.

“இங்க பாரு, எவனாவது படலைத் திறந்து போட்டா நான் மரத்துல படம் வரைய மாட்டேன். நாய அவுத்துவிடுவேன். எனக்கு எங்க பிரஷ் பிடிக்கத் தெரியும்?”

“அப்ப யாரு?”

“என்னைக் கேட்டா?” அவன் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நீதான் இப்ப படிச்ச ஆளாச்சே. படிச்சுப் பாரு.”

மறுபடியும் சிரிப்பு. கடைக்காரி மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவர்களுக்கு என்னமோ தெரியும் என்று அப்போதே எனக்குப் பட்டது.

பாலத்தைத் தாண்டிப் போனேன். திபோவின் வாசலில் நடைக்கொம்புகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எங்கள் வீட்டு வாசலில் சாய வேண்டிய கொம்புகள். திபோ ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். விட மாட்டேன் என்கிறான்.

“வாங்க வாங்க மெஸ்ஸியே ஒதிலோன். தோள் எப்படி இருக்கு? உள்ள வந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க.”

என் தோளைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது?

“பாலத்துச் சுவர்ல குறி போட்டது யாருங்க?” என்றேன்.

அவன் முகம் சிவந்தது. “அது… சங்கத்துக்காரங்களா இருக்கும்.”

“சங்கத்துக்காரங்க இல்லேங்கறாங்க.”

“அப்படியா.” துண்டை எடுத்து இல்லாத வியர்வையைத் துடைத்தான். “நீங்க வீட்ல மேடத்துக்கிட்ட பேசினீங்களா?”

“அவகிட்ட என்ன பேசறது? அவளா ஊர ஏமாத்தினா?”

“இல்ல இல்ல. சும்மா கேட்டேன். முட்டை கொண்டு போறீங்களா? நாட்டுக்கோழி.”

திருடன் முட்டை கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வாங்காமல் வந்துவிட்டேன். வருகிற வழியில் ஓக் மரத்தைப் பார்த்தேன். சுரண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகக் குறுக்குக் கோடு. அதே உயரம். அதையும் சுரண்டினேன்.

அன்று சாப்பிடும்போது எர்மினிடம் என் கணக்கைச் சொன்னேன். திபோ பணம் கொடுக்கிறான், ஃபிர்மான் போடுகிறான், கடைக்காரி காவல். சூப் அடியில் கொஞ்சம் இருக்கும்போது எர்மின் எங்கள் ஊர் வழக்கப்படி சிவப்பு ஒயினை ஊற்றிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “மேயரை விட்டுட்டியே,” என்றாள்.

“மேயரும் இருப்பான்.”

“பாதிரியார்?”

“கேலி பண்ணு. பாதை போனா நீயும்தான் பட்டினி.”

“நாளைக்குப் போய்ப் பிடி,” என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் போனேன். எர்மின் எனக்கு முன்பே கீரைக்குக் கிளம்பியிருந்தாள். ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து பாலத்தின் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. உடைந்த கற்சுவருக்குப் பின்னால் குந்தினேன். ஈரத்தில் தோள் குடைந்தது, இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். ஃபிர்மான் வந்தால் காலரைப் பிடிப்பது, திபோ வந்தால் ஆற்றில் தள்ளுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பனிக்குள்ளிருந்து குட்டையாக ஒரு உருவம் வந்தது. மரத்தடியில் கூடையை வைத்தது. கீரையை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தது. பிரஷை வெள்ளையில் தோய்த்து, விளிம்பில் வழித்து, நிதானமாக ஒரு இழுப்பு. பிறகு பேசியது.

“யோவ், ஒளிஞ்சது போதும், வெளிய வா. உன் இருமல் அக்கரைக்குக் கேக்குது.”

நான் எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது. எர்மின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சுரண்டிவிட்டிருந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு? திபோ உன்னை என்ன சொல்லி மயக்கினான்?”

“அவன் என்னை மயக்கல. நான்தான் அவன்கிட்ட போய்க் கேட்டேன். இந்த வருஷம் வர்ற ஆளுங்களை நீ பாத்துக்கோன்னு. கட்டில் பத்தலேன்னா நம்ம வீட்லயும் அவனே ஆள் போட்டு நடத்திப்பான். வாடகை தருவான், வீடு நம்மதுதான். நீ காட்டுக்கும் போக வேணாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை?”

“எத்தனை வருஷம் சொன்னேன்? சீசன் முடியட்டும்னே. சீசன் முடிஞ்சா உனக்குத் தோள் வலி, எனக்குக் கம்பளி துவைக்கிற வேலை. திரும்ப ஈஸ்டர் வந்துடும்.” இப்போதுதான் திரும்பினாள். மூக்கில் சிவப்புப் பெயின்ட். “சீசன் தானா முடியாதுய்யா. அதான் நான் முடிச்சேன்.”

அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஸ்பெயின்வரை நடக்கணும் என்பாள். வாசலில் பைகளை இறக்கி வைக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வாள், அவர்கள் கால் கொப்புளத்துக்கு ஊசிநூல் கோத்துக்கொண்டே சொல்வாள். பூனைக்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதைப் போல நான் அதை எடுத்துக்கொண்டேன். எங்கள் வாசல் வழியாக ஊர் உலகமே ஸ்பெயினுக்கு நடந்து போயிருக்கிறது. எர்மின் இந்தப் பள்ளத்தாக்கின் முனையைக்கூடத் தாண்டியதில்லை.

“யாருக்கெல்லாம் தெரியும்?” என்றேன்.

“பெயின்ட் வாங்கித் தந்தது கடைக்காரி. ஃபிர்மான் பாத்துட்டான், சொல்ல மாட்டேன்னான். சங்கத்துக்கும் திபோ சொல்லியாச்சு. மேயருக்குத் தெரியாது.” கொஞ்சம் யோசித்தாள். “தெரிஞ்சிருக்கும்.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சந்தேகப்பட்ட ஒவ்வொருவனும் குற்றவாளிதான். சந்தேகப்படாத ஒருத்திதான் தலைவி. எனக்குக் கோபம் வந்தது. எதன்மேல் காட்டுவது என்று தெரியாமல் கூடையைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்தேன். புது நடைச் செருப்பு, கணுக்கால்வரை கட்டுகிற வகை, முனையில் சேறு. கீரை பறிக்கப் போகிற காலையெல்லாம் அதைப் போட்டுப் பழக்கியிருக்கிறாள். இன்னொரு சந்தேகம் உள்ளே புகுந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும்படி புகுந்தது.

“ஒரு ஜோடிதான் வாங்கினியா?”

“ஆமா.”

“எனக்கு?”

“நீ வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்வதற்குள் ஃபிஜாக்கிலிருந்து வருகிற பாதையில் கொம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய பையோடு ஒரு இளைஞன் பனியிலிருந்து வந்தான். டப்பாவையும் எங்களையும் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

“சங்கத்துக்காரங்களா? நல்லதாப் போச்சு. ராத்திரி வழி தவறிப் பக்கத்து ஊர்க் கோயில் தாழ்வாரத்துல படுத்துட்டேன். வால்ரோஷ்ல ஒரு விடுதி இருக்காமே, சூப் பிரமாதம்னு சொன்னாங்க. எந்தப் பக்கம்?”

எர்மின் பிரஷைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் கையை நீட்டி மேட்டைக் காட்டினால் போதும், அவன் எங்கள் வீட்டு அடுப்படியில் போய் உட்காருவான், அவள் கூடையோடு பின்னாலேயே வந்து பானையை வைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

“விடுதி இந்த வருஷம் இல்லப்பா,” என்றேன். “பாலத்தைத் தாண்டிப் போ. உயரமா ஒரு ஆள் இருப்பான், முட்டை கேளு.”

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பாலத்தின் நடுவில் பனி அவனை மூடிக்கொண்டது, கொம்புச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

நான் எர்மினின் கையிலிருந்து பிரஷை வாங்கினேன். சிவப்புக் கோட்டின் கீழ்முனை வெளுத்திருந்தது, குனிந்தால் எட்டுகிற உயரம்தான், இருந்தும் இடது கையால்தான் முடிந்தது. அதன்மேல் இன்னொரு பூச்சுக் கொடுத்தேன்.

“வழியுது பாரு,” என்றாள் அவள்.