கடல் பாட்டு ஆறு, கரைப் பாட்டு இரண்டு

ஏசுராஜுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. பதின்மூன்று வயதில் வேதநாயகம் மாமாவின் படகில் ஒரே ஒரு முறை ஏறினான். கரையில் உடைகிற அலையைத் தாண்டுவதற்குள் முந்தின நாள் சாப்பிட்டதுவரை வெளியே வந்துவிட்டது. மாமா படகைத் திருப்பி அவனை மணலில் இறக்கிவிட்டு மறுபடி தொழிலுக்குப் போனார். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஜான்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். இவன் கரையிலேயே பிழைத்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்படித்தான் அவன் சர்ச் கொயரில் டிரம்ஸ் கற்றுக்கொண்டதும், அடையாறில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், இருபத்தெட்டு வயதில் 'ஏழரை' என்கிற இசைக்குழுவில் இருப்பதும். குழுவுக்கு அந்தப் பெயர் வைத்தது அதை நடத்துகிற மாணிக்கவாசகம். தி.நகரில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. கடையின் மூன்றாவது மாடிக் கிடங்கில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். அவர்கள் வாசித்தது ப்ராக்ரஸிவ் ராக். மாணிக்கத்தின் கணக்குப்படி அதில் ஒரு பாட்டு ஐந்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது, கேட்பவன் தாளம் போட முயன்றால் அவனுக்கு விரல் சுளுக்கிக்கொள்ள வேண்டும்.

மாணிக்கத்துக்குக் கிரேக்கக் காவியப் பைத்தியம். போர் முடிந்து ஊர் திரும்பப் புறப்பட்ட ஒருவன் பத்து வருஷம் கடலில் அலைகிற பழைய கதையை நாற்பது நிமிட இசையாக்க வேண்டும் என்று அவன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அடையாறில் ஒரு கலை மையம் 'உலகக் காவியங்கள்' என்று விழா அறிவித்ததும் விண்ணப்பம் போட்டான். அதே வாரம், அதே கிரேக்கக் கதையோடு, கோடம்பாக்கத்திலிருந்து இன்னொரு குழுவும் விண்ணப்பம் போட்டிருந்தது. அந்தக் குழுவின் பெயர் 'லெஃப்ட் இண்டிகேட்டர்'. இடது பக்கம் விளக்கு போட்டுக்கொண்டு நேராகப் போகிற ஆட்டோக்களை நினைத்து அதன் பாடகி தீபிகா வைத்த பெயர். விழா நடத்துகிற அம்மாள் இரண்டு குழுவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரே ஆளை ஒரே மேடையில் இரண்டு முறை ஊருக்கு அனுப்ப முடியாது, சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

சேர்ந்தார்கள். எட்டுப் பேர் ஆயிற்று. இரண்டு கீபோர்டு, இரண்டு பேஸ் கிட்டார் என்பதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். டிரம்ஸ் இரண்டு என்பதுதான் இடித்தது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் ஆசிஃப். மந்தைவெளிக்காரன், அதிகம் பேசமாட்டான், வாசிப்பில் ஏசுராஜைவிட ஒரு கை மேல் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஏசுராஜுக்கும் தெரிந்தது.

மாணிக்கம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னான். மொத்தம் எட்டுப் பாட்டு. கடலில் நடப்பவை ஆறு, கரையில் நடப்பவை இரண்டு. ஏசுராஜ் மீனவக் குடும்பம், கடல் அவன் ரத்தத்தில் இருக்கிறது, ஆகவே ஆறும் அவனுக்கு. விருந்துப் பாட்டும் மல்யுத்தப் பாட்டும் ஆசிஃபுக்கு. ஆசிஃப் தலையை மட்டும் ஆட்டினான். ஏசுராஜ் வாயைத் திறந்தான். ஆறு பாட்டு என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பொய் தானாக வளர்ந்தது. மாணிக்கம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, 'ஏசுராஜ் சொன்னவை' என்று தலைப்பு எழுதினான். புயலுக்கு முன்னால் தண்ணீர் என்ன நிறம், காற்று மாறுவது எப்படித் தெரியும் என்று தினமும் கேட்பான். ஏசுராஜ் நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் மாமாவிடம் கேட்டு வந்து, தானே பார்த்ததுபோல் சொல்வான். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு தீபிகா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நாள் மாமா ஊரில் இல்லை. அலை எப்படி வரும் என்ற கேள்விக்கு, இரண்டு சின்னது, ஒன்று பெரியது என்று சொந்தமாக அடித்துவிட்டான். அது கரையில் நின்று அவன் எண்ணியது. அதை வைத்து மாணிக்கம் பதினோரு எண்ணிக்கையில் பன்னிரண்டு நிமிடத்துக்குப் புயல் பாட்டு ஒன்று கட்டிவிட்டான்.

மே மாதம் நடுவில் மாணிக்கம் அடுத்த யோசனையோடு வந்தான். விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. விடியற்காலையில் எல்லோரும் படகில் போய்க் கடலின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். படகு தேடி வெளியில் அலைய வேண்டாம், ஏசுராஜின் மாமா இருக்கிறார்.

ஏசுராஜ் இது மீன்பிடித் தடைக்காலம் என்றான். தீபிகா கைப்பேசியில் தேடிப் பார்த்து, தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகுக்கு இல்லை என்றாள். மாமாவுக்கு இடுப்பு வலி என்றான். சரி, நீயே ஓட்டு என்றான் மாணிக்கம். கடைசியில் ஏசுராஜ் மாமாவிடமே போய், முடியாது என்று சொல்லிவிடும்படி கெஞ்சினான். வேதநாயகம் வலையைக் கீழே வைத்தார். தங்கச்சி மகனை மறுபடி படகில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர் பதினைந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீயா வந்து படகப் பத்திப் பேசுறியே நைனா, அதுவே போதும்," என்றார். "நாளிக்கே போலாம். டீசல் என்னுது."

மருந்துக் கடையில் பஸ் பயணத்துக்குப் போடுகிற வாந்தி மாத்திரை கிடைத்தது. ஒன்று போதும் என்றார் கடைக்காரர். ஏசுராஜ் மூன்று போட்டுக்கொண்டான். விடியற்காலை ஐந்தரைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மாணிக்கம், தீபிகா, ஆசிஃப், ஏசுராஜ் நான்கு பேரும் ஏறினார்கள். மற்றவர்கள் கரையில் நின்று கையாட்டினார்கள். மாமா மோட்டாரை இழுத்தார். மோட்டார் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கிறதே என்று ஏசுராஜ் நினைத்தான். அதுதான் அவன் நினைத்த கடைசி விஷயம்.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். முதல் அலையிலேயே மாணிக்கம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டானாம். இரண்டாவது அலையில் அவன் அம்மா கொடுத்து அனுப்பிய இட்லியைக் கடலுக்குக் கொடுத்தானாம். தீபிகா ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் குனிந்தாளாம். ஆசிஃப் மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றிருக்கிறான். மாமாவோடு சேர்ந்து வலையை இழுத்திருக்கிறான், நண்டைக் கடிபடாமல் எடுத்திருக்கிறான், எந்தக் குப்பத்துப் பிள்ளை நீ என்று மாமா அவனைக் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஏசுராஜ் வலைக் குவியல்மேல் தலைவைத்து இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறான். கரைக்கு வந்த பிறகு நான்கு பேர் தூக்கி மணலில் கிடத்த வேண்டியிருந்தது.

கண் விழித்தபோது மாணிக்கம் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் பக்தி தெரிந்தது.

"நாங்க செத்துட்டிருந்தோம்டா," என்றான். "நீ தொட்டில்ல குழந்தை மாதிரி தூங்குற. கடல்ல பொறந்தவனுக்குத்தான் அது வரும்."

அன்று மாலையே பதிவைப் போட்டுக் கேட்டார்கள். கடல் சத்தம் குறைவாகவும் மாணிக்கத்தின் சத்தம் அதிகமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஏசுராஜின் குறட்டை ஒரே சீராக ஓடியது. எண்ணிப் பார்த்தால் அது சரியாக ஏழரை எண்ணிக்கை, குழுவின் பெயரேதான் என்று மாணிக்கம் துள்ளினான். அதோடு விடவில்லை. காவியத்திலும் வீரன் கடைசியாக ஊர் வந்து சேரும்போது படகில் தூங்கிப்போகிறான், படகோட்டிகள் தூங்கியவனை அப்படியே கரையில் கிடத்திவிட்டுப் போகிறார்கள் என்று படித்துக் காட்டினான். உடனே ஒன்பதாவது பாட்டு ஒன்று சேர்ந்தது. பெயர் 'உறக்கம்'. ஒன்பது நிமிடம், அடியில் குறட்டை மட்டும், டிரம்ஸ் கிடையாது. அதற்கு இடம் வேண்டும் என்று கடல் பாட்டில் இரண்டைத் தூக்கிவிட்டான். இத்தனை பொய்யும் சொல்லிக் கடைசியில் தன் பங்கில் இரண்டு பாட்டுக் குறைந்ததை ஏசுராஜ் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் புயல் பாட்டு ஒத்திகை. ஏசுராஜ் எண்ணி எண்ணி வாசித்தான். ஒரு அடிகூடத் தப்பவில்லை, ஆனால் புயலும் வரவில்லை. யாரோ படிக்கட்டில் பீரோ இறக்குவதுபோல் இருந்தது. டீ இடைவேளையில் எல்லோரும் கீழே போனார்கள். ஆசிஃப் மட்டும் ஒரு சேலைக் கட்டின்மேல் சாய்ந்து, அதில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். கீழே போகப் புறப்பட்ட ஏசுராஜ் நின்று காதுகொடுத்தான். தட்டல் மேலே ஏறியது, ஏறி ஒரு இடத்தில் அப்படியே நின்றது, பிறகு விழுந்தது. அடுத்த தடவை நின்ற நேரம் வேறாக இருந்தது. ஏசுராஜின் வயிற்றில், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் புரண்ட அதே இடம் புரண்டது.

அது என்ன எண்ணிக்கை என்று கேட்டான்.

"எண்ணிக்கை இல்ல மச்சி," என்றான் ஆசிஃப். "மேல ஏறி, உழறதுக்கு முன்னாடி படகு கொஞ்ச நேரம் சும்மா நிக்குது. எவ்ளோ நேரம்னு அதுக்கே தெரியாது. நீ தூங்கிட்ட, அதான் பாக்கல."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். படகுக்குள் கிடந்தது, மாணிக்கம் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன் என்றான். ஏசுராஜ் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஏன் சொல்லல?"

"நீ வாசிக்கறது எனக்குப் புடிக்கும். கடல் இல்லாத எடத்துல நல்லாவே வாசிக்கிற."

இது பாராட்டா என்று ஏசுராஜுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் அதன் பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. கீழே போய், டீக்கடை வாசலில் வைத்து, மாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றும், சொன்னதெல்லாம் மாமாவின் சரக்கு என்றும், அந்தத் தூக்கம் மூன்று மாத்திரையின் தூக்கம் என்றும் சொன்னான்.

மாணிக்கம் டீயைக் குடித்து முடித்தான். பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாற்பது பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினான். பிறகு பேனாவை எடுத்து அட்டையில் 'ஏசுராஜ்' என்பதை அடித்துவிட்டு 'வேதநாயகம்' என்று எழுதினான்.

"அந்த ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு?"

"அது மட்டும் என்னுது. கரையில நின்னு எண்ணுனேன்."

மாணிக்கம் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தான். வீரனின் மனைவியும் கரையில் நின்றுதானே அலையை எண்ணியிருப்பாள் என்றான். அவனிடம் எதைக் கொடுத்தாலும் காவியத்துக்குள் ஓரிடம் கண்டுபிடித்துவிடுவான். புயல் பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவாயிற்று. எண்ணுகிறவன் ஏசுராஜ், எண்ணாமல் நிறுத்தி விழுகிறவன் ஆசிஃப். முதல் தடவை வாசித்ததும் தீபிகா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து மூச்சு வாங்கினாள். பாட்டு சரியாக வந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

விழா அன்று மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குப்பத்திலிருந்து பதினோரு பேர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடம் என்று சொன்னது ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடியது, விழா நடத்துகிற அம்மாள் ஓரத்தில் நின்று மூன்று முறை கைக்கடிகாரத்தைக் காட்டினார். புயல் பாட்டு முடிந்ததும் கைதட்டல் வருவதற்குள் வேதநாயகம் மாமா எழுந்து நின்றுவிட்டார். ஏசுராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தான். ஆசிஃப் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து ஏசுராஜ் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது ஜான்சி மேடைக்குப் பின்னால் வந்தாள். விழாவுக்காகக் கட்டிய பட்டுச்சேலையில் நின்று எட்டுப் பேரையும் ஒரு முறை பார்த்தாள். பாட்டு சத்தமாக இருந்தது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, தீபிகாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாளு வூட்டுக்கு வந்தானா, இல்லியா?"

வந்துவிட்டான், போருக்குப் போனதிலிருந்து கணக்குப் பண்ணினால் இருபது வருஷம் கழித்து என்றாள் தீபிகா.

"இருவது வருசம் அந்தம்மா இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

தறியில் நெய்துகொண்டிருந்தாள் என்று தீபிகா விளக்கினாள். வேறு கல்யாணத்துக்கு வற்புறுத்தியவர்களை ஏமாற்ற, பகலில் நெய்ததையெல்லாம் இரவில் பிரித்துவிடுவாளாம்.

"பிரிச்சிட்டா அப்பறம் எதை விக்கிறது?" என்றாள் ஜான்சி. "புள்ளைக்கு சோறு?"

தீபிகா மாணிக்கத்தைப் பார்த்தாள். மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பத்துப் பிள்ளை அவன். சேலைக்கடைக்காரன் என்ற முறையில் அவனுக்கும் இது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. காவியத்தில் அதற்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அவ்வளவு பெரிய பாட்டு எழுதினவன் இதைக்கூட விசாரிக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, காலையில் மீன் எடுக்கப் போக வேண்டும் என்று ஜான்சி கிளம்பினாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மாணிக்கம் கடையில் தங்கிப்போன ஒரு பழைய பில் புத்தகத்தைப் பையிலிருந்து தேடி எடுத்துவிட்டான். பின்பக்கத்தைத் திருப்பி, 'ஜான்சி கேட்டவை' என்று தலைப்பு எழுதினான். ஏசுராஜும் ஆசிஃபும் ஆளுக்கொரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.