மாமனார் எங்கே ஒழுகுகிறார்?

எனக்கென்று நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தது இந்த உலகத்தில் இரண்டுதான்: பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை, அறுபது வயது டிராக்டர். வீட்டுக்காரரை வீட்டில் பார்த்து வைத்தார்கள். அவரைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. ஒழுகமாட்டார்.

டிராக்டருக்கு நான் வைத்த பெயர் மாமனார். என் சொந்த மாமனார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வண்டிக்கும் அதே அகன்ற நெற்றி, துருத்திக்கொண்டிருக்கும் அதே இரண்டு கண்கள். கிளப்பினால் முதலில் செருமும், பிறகு இருமும், அப்புறம்தான் வேலைக்கு வரும். பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. கொதித்துப்போனவர் என் நாத்தனார்.

"ஏம்மா, எங்கப்பா உனக்கு ஓட்டை வண்டியா?"

"மரியாதையாத்தானே அண்ணி சொல்றேன்? அவர், இவர்னுதான் பேசுறேன்."

"மாமனார் ஒழுகுறார், மாமனார் ஒழுகுறார்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறியே, அதுவா மரியாதை?"

நியாயமான கேள்விதான். ஆனால் மாமனார் ஒழுகினாரே, நான் என்ன செய்ய?

நாத்தனாருக்குத் தையல் வேலை. மாமனார் நிற்கும் கொட்டகை அவருடையது. புதிதாகச் சிமெண்டுத் தரை போட்டு அங்கே தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. தம்பி பெண்டாட்டி ஆயிற்றே, போனால் போகிறது என்று பாதி இடத்தை மாமனாருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை, பட்டன் கட்டி முடித்த கையோடு, அவர் மடியிலிருந்து நழுவிக் கருப்பு எண்ணெயில் குப்புற விழுந்தது. அவ்வளவுதான். சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதிவிட்டார்: "இந்தக் கொட்டகையில் எது ஒழுகினாலும் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழைய இரும்பு லாரியில் ஏற்றப்படும்." லாரிக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். எனக்கு வேறு இடம் கிடையாது.

திங்கட்கிழமை டிப்போவிலிருந்து வந்ததும் மாமனாரைக் குளிப்பாட்டினேன். அறுபது வருட அழுக்கின் மேல் ஓட்டையைத் தேடினால் அடுத்த ஜென்மத்தில்தான் கிடைக்கும். டீசலில் பிரஷை முக்கி ஒட்டுமொத்த உடம்பையும் தேய்த்தேன், துடைத்தேன். அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தேன். மறுநாள் காலையில் அட்டையில் நான்கு கறைகள்.

கறையைப் பார்த்தால் மட்டும் போதாது; விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்க்க வேண்டும். கருப்பாக வழுக்கினால் இஞ்சின் ஆயில். பச்சைத் தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர். மூக்கைத் துளைத்தால் டீசல். கெட்டியாக, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கியர் ஆயில். என் வீட்டுக்காரர் தபால்காரர். கையெழுத்தைப் பார்த்தே இது யார் கடிதம் என்று சொல்லிவிடுவார். அவரும் குத்தவைத்து ஒரு கறையை மோந்தார்.

"இது பின் சக்கரத்து அச்சுலேர்ந்து வந்ததுதானே?"

கரெக்டாகச் சொன்னார்! பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதர்மேல் எனக்குக் காதலே வந்தது.

"சொட்டுற இடத்தையே பாக்காதீங்க," என்று உற்சாகத்தில் அவருக்குப் பாடம் எடுத்தேன். "எண்ணெய் வழிஞ்சு வழிஞ்சு வந்து எங்கயோ சொட்டும். அங்கேர்ந்து மேல போகணும், மேல மேல போகணும். ஈரம் எங்க ஆரம்பிக்குதோ, அங்கதான் ஓட்டை."

அப்படித்தான் பிடித்தேன். கருப்புச் சொட்டு அடித்தொட்டியிலிருந்து விழுந்தது. ஈரத்தைத் தொடர்ந்து மேலே போனால், இஞ்சின் தலைமூடியில் கார்க் பட்டை வெடித்துக் கிடந்தது. மாற்றினேன். ரேடியேட்டர் குழாயில் கீறல். வெட்டி, புது கிளிப் போட்டு இறுக்கினேன். டீசல் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்துக்குப் புது வாஷர். பின் அச்சுக்குப் புது சீல். வெள்ளிக்கிழமை காலை அட்டையை இழுத்துப் பார்த்தேன். நான்கும் மாயம்! கொட்டகைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். இரண்டாவது சுற்றில்தான் ஐந்தாவது கறை கண்ணில் பட்டது.

சின்னதாக ஒரு சொட்டு. தண்ணீர் மாதிரித் தெளிவு, ஆனால் வழுக்கியது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இப்படி ஒரு எண்ணெயை நான் மாமனாருக்கு ஊற்றவே இல்லை. இருந்தாலும் அடியில் படுத்துக் கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினேன். சனிக்கிழமை காலையில் இரண்டு சொட்டு.

இதற்கிடையில் நாத்தனார் சும்மா இருந்தாரா? புதன்கிழமையே நான்கு ஆட்களை வைத்துத் தன் தையல் மிஷினைத் தூக்கிவந்து கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார். "ஞாயித்துக்கிழமை இடம் காலியாயிடும்ல? அதுவரைக்கும் மேலயே இருக்கட்டும். கீழ வெச்சா உன் மாமனார் காறித் துப்பிடுவாரு," என்றார். தினமும் சாயங்காலம் ஏணியில் ஏறி மிஷினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, சக்கரத்தைச் சுற்றி டக்கு டக்கு என்று எனக்குக் கேட்கும்படி மிதிப்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி ஆயுதம் பவுடர். வண்டியைப் பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவினால், எண்ணெய் நடந்து வந்த பாதை அதில் பளிச்சென்று தெரியும். என் டப்பா பாதியிலேயே தீர்ந்தது. வீட்டுக்காரர் எங்கோ போய் இரண்டு டப்பாவோடு வந்தார்.

"யாருதுங்க?"

"அக்காவோடது. கேக்காதே."

சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் அப்பிய பவுடரோடு புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

ஞாயிறு காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் லாரி ஹாரன் அடித்தது. வீட்டுக்காரரும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் லாரிக்காரரோடு உள்ளே வந்து அட்டையைப் பார்த்தார். மூன்று சொட்டு.

"ஒழுகியிருக்கு. ஏத்துங்க."

"ஒரு நிமிஷம் அண்ணி, ஒரே ஒரு நிமிஷம்." கண்ணீரோடு அடியில் ஊர்ந்தேன். அடித்தொட்டியில் பவுடர் அலுங்காமல் இருந்தது. அச்சிலும் அப்படியே. பக்கவாட்டில் மட்டும் ஒரு ஈரக்கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அது மேலே போனது, இன்னும் மேலே போனது, பானெட்டின் நட்ட நடுவே பவுடரில் விழுந்திருந்த ஒரு வட்டக் குழியில் போய் நின்றது.

பானெட் என்பது வெறும் தகரம். தகரம் எப்படி ஒழுகும்?

"என்ன முழிக்கிறே?" என்று நாத்தனாரும் குனிந்து பார்த்தார். அவர் பிடரியில் பொட்டென்று ஒன்று விழுந்தது.

எல்லோரும் அண்ணாந்தோம். பரண் பலகை இடுக்கில் அடுத்த சொட்டு உருண்டுகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே தையல் மிஷின். அடச்சே! மேல மேல போகணும் என்று பாடம் எடுத்த நான் பானெட்டைக்கூடத் தாண்டிப் பார்க்கவில்லையே!

அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியே அறியாத என் வீட்டுக்காரர் மெதுவாக வாயைத் திறந்தார். "ஒழுகுறது அப்பா இல்லக்கா. அப்பாவோட பொண்ணுதான்."

நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. லாரிக்காரர் சுவரில் எழுதியிருந்ததை ஒருமுறை நிதானமாகப் படித்தார். "எது ஒழுகினாலும்னு எழுதியிருக்கேம்மா. அப்ப அந்த மிஷினை ஏத்தவா?"

நாத்தனார் ஓடிப்போய் ஏணியை மறித்துக்கொண்டு நின்றார். "தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்! பத்துக் கடை ஏறி இறங்கி, நானே பாத்துப் பாத்து எடுத்தது அது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. துணியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி ஏணியில் ஏறினேன். மிஷினைச் சுற்றி எண்ணெய் குளமாக நின்றது. துடைத்தேன், அடியில் ஒரு அட்டையையும் சொருகினேன். "மிஷின் ஒழுகல அண்ணி. நீங்கதான் ஆசையா நெறைய ஊத்திட்டீங்க. ரெண்டு சொட்டு போதும்."

நாத்தனார் முந்தானையால் சுவரில் எழுதியிருந்ததை அழித்தார். மிச்சமிருந்த சாக்பீஸை லாரிக்காரர் கையில் வைத்து, "இதை ஏத்திக்கிட்டுப் போங்க," என்றார்.

இவ்வளவும் ஆன பிறகு மாமனாரைக் கிளப்பாமல் இருக்க முடியுமா? ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். செருமினார். இருமினார். பிடித்துக்கொண்டார். முன்னால் விசிறி ஒன்று சுற்றும் என்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். மூன்று டப்பா பவுடரும் ஒரே மூச்சில் கிளம்பி என் மேல், வீட்டுக்காரர் மேல், நாத்தனார் மேல், வாசல் தாண்டாத லாரிக்காரர் மேல் வந்து இறங்கியது. கொட்டகையே வெள்ளை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தோம்.

"போதும்ப்பா! போதும்ப்பா!" என்று நாத்தனார் பானெட்டைத் தட்டினார்.

நான் வண்டியை நிறுத்தினேன். "என்ன அண்ணி சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." இமையில் ஒட்டிய பவுடரைத் துடைத்தார். பரணைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நாளைக்கு மிஷினைக் கீழ எறக்கணும். அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."