லா மங்கா கெதா கோர்த்தா

ஸ்பானிஷ் புத்தகத்தை நடுவில் கிழித்தது ரைசாதான். கோயம்புத்தூர்க் கடையில் இருந்ததே ஒரு பிரதி, படிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். முன்பாதியைத் தான் வைத்துக்கொண்டு பின்பாதியை அபிராமியிடம் கொடுத்தாள். படித்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் தேதி போட வேண்டும், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதை மற்றவளுக்குச் சொல்லித்தர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இருவரும் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதைத் தைப்பவர்களிடமும், தைப்பவர்கள் புலம்புவதை பையரிடமும் சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. ரைசாவுக்கு இது ஆறாவது வருஷம். அவள் தொழில் பழக்கிவிட்ட நாலு பேர் அவளையே தாண்டி மேனேஜர் ஆகிவிட்டார்கள். வெள்ளகோவிலிலிருந்து வந்த அபிராமிக்கு இரண்டாவது வருஷம். அவளைப் பழக்கியதும் ரைசாதான். சிலருக்கு எத்தனை பட்டாலும் புத்தி வராது.

அந்த வருஷம், 2003இல், பார்சிலோனா பையர் நூரியா திருப்பூரில் சொந்தமாக ஓர் ஆபீஸ் திறப்பதாக அறிவித்தாள். அதை நடத்த ஸ்பானிஷ் தெரிந்த ஒருத்தி வேண்டும். இனி சாம்பிள் பற்றி ஸ்பானிஷிலேயே எழுதுவாளாம், யார் பிழையில்லாமல் புரிந்துகொள்கிறார்களோ அவருக்கே அந்த நாற்காலியாம். ரைசாவுக்குத் தூக்கம் போயிற்று. ஆறு வருஷத்தில் முதல்முறையாக, சிபாரிசு பார்க்காமல் படிப்பைப் பார்க்கிற ஒரு வேலை வந்திருக்கிறது.

"யாருக்குக் கெடச்சாலும் ரெண்டாவது ஆளா மத்தவளக் கூப்பிட்டுக்கோணும். கெதாமோஸ்?" என்றாள் அபிராமி, தயிர்சாதத்தைப் பிசைந்தபடி.

"அப்படீன்னா?"

"பேசி முடிவு பண்ணிக்கிட்டோம்னு அர்த்தம் புள்ளே. கெதார்ங்கற வினையிலிருந்து வருது. நேத்துத்தான் படிச்சேன்."

"எம் புக்குல கெதார்னா அப்படியே இருக்கறது, மிஞ்சறதுன்னுதான் போட்டிருக்குது. நான் கெடாதுன்னு ஞாபகம் வெச்சிருக்கேன். கெதா, கெடாது, அப்படியே இருக்கும்."

அபிராமி சிரித்தாள். "ஒரே வினைக்கு ஒம்போது வேலை புள்ளே. சரி, கெதாமோஸா?"

"கெதாமோஸ்," என்றாள் ரைசா. அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அபிராமியின் டிபன் பாக்ஸையும் சேர்த்துக் கழுவிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பதினாலாம் தேதி, ரைசா அனுப்பியிருந்த சிறுவர் டி-ஷர்ட் சாம்பிளுக்கு நூரியாவின் பதில் வந்தது. ஒரே வரி. லா மங்கா கெதா கோர்த்தா. மங்கா என்றால் சட்டைக் கை. மாங்காய் மாதிரி இருந்ததால் முதல் நாளே மனதில் ஒட்டிக்கொண்ட சொல். கோர்த்தா என்றால் குட்டை. நடுவில் கெதா. கை குட்டையாக அப்படியே இருக்கட்டும் என்கிறாள், இதிலென்ன கஷ்டம்? இருந்தாலும் வரியை அபிராமியிடம் காட்டினாள்.

"கைய மாத்த வேண்டாம்ங்கறா, சரிதான?"

அபிராமி இரண்டு முறை படித்தாள். "அதேதான் புள்ளே. கெடாது."

துணி வெட்டும் கட்டிங் பிரிவுக்குப் போய், கையைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள் ரைசா. சாம்பிள் மறுபடி கூரியரில் போனது. அடுத்த வாரம் மேனேஜர் சென்னிமலை அவளைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்முணி, கை குட்டையாப் போச்சு, பத்தலைன்னு எழுதுனாங்களாமா. நீங்க அதே கையவே திருப்பி அனுப்பியிருக்கறீங்க?"

ரைசா திரும்பிப் பார்த்தாள். அபிராமி கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவம், அவளும் தப்பாகத்தானே படித்தாள், அவளை எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்தாள் ரைசா. "நாந்தானுங்க தப்பாப் படிச்சுட்டேன்," என்றாள்.

நாற்காலி அபிராமிக்குப் போனது. ரெண்டாவது ஆள் பற்றி ரைசா கேட்கவில்லை, அபிராமியே சொன்னாள்.

"இப்பத்திக்கு ஒரு சீட்டுதான் புள்ளே. போச்சாது, கவலப்படாத, பின்னால பாக்கலாம்." பின்பாதிப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "எனக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டாங்க. இத நீயே வெச்சுக்கோ."

இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டலாம் என்று உட்கார்ந்தாள் ரைசா. புரட்டியபோது கெதார் என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம். கெதாமோஸ், பேசி முடிவு செய்தோம். அதற்கடுத்த வரி, துணி அளவைப் பற்றிச் சொல்லும்போது: கெதா கோர்த்தா, குட்டையாகிவிட்டது, போதவில்லை. அதன் கீழே பென்சில் கோடு. மூலையில் அபிராமியின் கையெழுத்தில் ஆகஸ்ட் ஆறு.

ஆறாம் தேதி படித்திருக்கிறாள். பதினாலாம் தேதி, அதேதான் புள்ளே என்றிருக்கிறாள். பாவி! அந்த நாற்காலி போனதுகூட ரைசாவுக்குப் பெரிதாகப் படவில்லை. சென்னிமலை முன்னால் இவளைக் காப்பாற்றினோமே என்பதுதான் தாங்கவில்லை.

பக்கத்தின் கடைசியில் கோடு போடாத ஒரு வரி இருந்தது. கெதார் மால்: நம்பியவரை ஏமாற்றிக் கெட்ட பெயர் எடுப்பது. ரைசா பென்சிலை எடுத்து அதற்குப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புது ஆபீஸுக்குப் போய் அந்தப் பக்கத்தை அபிராமியின் முன்னால் விரித்தாள். அபிராமி மூலையில் இருந்த தன் தேதியைப் பார்த்தாள், பிறகு கெதார் மாலுக்குப் பக்கத்தில் இருந்ததை. எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"புள்ளே, நான்..."

"படிச்சா மறுநாளே சொல்லிக்குடுக்கோணும். அதுதான ஏற்பாடு?" என்றாள் ரைசா. "உனக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல."