சாமிக்கு வைத்தது

எப்படிப்பட்ட சுபாவக்காரர்கள் குடியில் எளிதாக விழுகிறார்கள் என்பதுதான் பல்கலைக்கழக ஆய்வு. தோட்டம் தோட்டமாகப் போய்க் கேள்வி கேட்பது பழனியப்பனின் வேலை. பழகிப் பார்க்க முதலில் தன்னையே கேட்டுக்கொண்டான். துணிச்சல், அவசரம், பதற்றம் எல்லாம் கொஞ்சம்தான். 'இனி எதுவும் நன்றாக நடக்காது' என்கிற பகுதியில்தான் மதிப்பெண் ஏறி நின்றது. மனைவி செத்து ஒரு வருடம் ஆகவில்லை.

அவன் மகள் ஈப்போவில் பெரியம்மா மங்களத்திடம் இருந்தாள். மங்களத்தின் புருஷனைக் கொண்டுபோனது சம்சு என்கிற மலிவுச் சாராயம்.

"தண்ணி வாடை வந்துச்சுன்னா, பிள்ளைய மறந்துடுங்க தம்பி" என்று சொல்லியிருந்தாள்.

பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் மாயாண்டி என்பவரைக் கேட்டான். "குடிப்பீங்களாண்ணே?"

"நானா? தொடவே மாட்டேன் லா, சார்."

அவர் கண் சிவந்திருந்தது. கை நடுங்கியது. பின்னால் முனியாண்டி பீடத்தில் சம்சு பாட்டில்.

"அப்ப அது?"

"அது சாமிக்கு வச்சது. கும்பிட்டதும் மிச்சத்தக் கீழ கொட்டவா முடியும்? அது குடில சேருமா? காலேஜுல இதக்கூடச் சொல்லித் தரலையா?"

"எப்பெப்ப வைப்பீங்க?"

"முந்தி வெள்ளிக்கெழம மட்டும். இப்ப சாமி தெனம் கேக்குது."

மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் பழனியப்பனுக்குப் பயமாக இருந்தது.

மாயாண்டி மூடியில் ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கை நீண்டிருந்தது.

அந்த வாரமே ஜெலாப்பாங்கில் அவன் வீட்டுச் சுவரில் முனியாண்டி படம் ஏறியது. படத்தைத்தான் முதலில் வாங்கினான். பாட்டிலைப் பிறகு. வெள்ளிக்கிழமை வைத்தான். சனிக்கிழமையும் வைத்தான். அப்புறம் கிழமை பார்க்கவில்லை. கேள்விகள் மனப்பாடம்தான், ஆனால் தன்னைக் கேட்டுக்கொள்ளும் தைரியம் போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை மங்களம் குழந்தையோடு வந்து நின்றாள். படத்தையும் அதன் முன்னால் நிரம்பியிருந்த கிளாசையும் பார்த்தாள்.

மங்களம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டீங்க. இனி எனக்குப் பயமில்ல தம்பி. உங்க பிள்ள, நீங்களே வச்சுக்குங்க."

"அக்கா..."

அதற்குள் குழந்தை தாவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்தது.

பழனியப்பன் மூச்சை அடக்கிக்கொண்டான்.