நோட்டில் ஏறாத சொல்

“உலகத்துல மழலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பெரியவங்களோட சோம்பேறித்தனம்தான் இருக்கு. இது நான் ஆராஞ்சு கண்ட உண்மை” என்றான் ஹாஸிம், அண்ணன் சப்ரியின் காய்ந்த உதட்டைப் பஞ்சால் நனைத்தபடி.

அவன் கல்லூரியில் மொழியியல் இரண்டாம் ஆண்டு. ஆராய்ச்சிக்கு வயது மூன்று மாதம்.

அலெக்சாந்திரியாவில் இருபது வருடம் டிராம் ஓட்டிய சப்ரிக்குக் கல்லீரல் போய்விட்டது. சிரிக்கக்கூட மூச்சு போதவில்லை. கால்மாட்டில் அவன் மகள் ரீம், இரண்டரை வயது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. விடாமல் தண்ணீர் உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சப்ரி தலைமாட்டிலிருந்த காலிக் கோப்பையைத் தூக்கினான். கன்னத்தை உப்பவைத்து வெறுங்காற்றை உறிஞ்சினான். “இம்பூ!”

“இம்பூ” என்று சொல்லி ரீம் தன் கோப்பையிலிருந்து ஒரு மடக்கு குடித்தாள்.

“நோட்டுல எழுதுடா.”

“அது சொல் இல்லண்ணே, சத்தம். ஒழுங்கா தண்ணீர்னு சொல்லட்டும், எழுதறேன்.”

ஹாஸிமின் ஆராய்ச்சி நோட்டில் ரீம் பேசிய சொற்கள்: பூஜ்யம். தண்ணீருக்கு இம்பூ, சாப்பாட்டுக்கு மம் எதுவும் இவ்வீட்டில் கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியவனும் ஹாஸிம்தான். அண்ணி இன்ஷிராஹ் பயந்துபோய் அப்படியே நடந்தாள். சப்ரி மட்டும் நோயாளிக்குரிய சலுகையில் மீறிக்கொண்டிருந்தான்.

“போறவன் கேக்கறேன். பொய்யாவாச்சும் எழுதேன்.”

“ஆராய்ச்சிண்ணே.”

நண்பகல் லுஹர் பாங்கு ஓய்வதற்குள் சப்ரி போய்விட்டான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். ஹாஸிம் செருப்பில் கல்லறை மண்ணோடு திரும்பியபோது வீடு முழுக்கக் கறுப்புத் துணி, துக்கத்துக்கு வந்தவர்களுக்கான சர்க்கரை போடாத காப்பி வாசனை. நடுவில், இன்ஷிராஹ் மடியில், ரீம் உதட்டை இறுக மூடியிருந்தாள். கண்கள் குழிந்திருந்தன.

“காலையில அவரோட குடிச்சதுதான். அப்புறம் ஒரு சொட்டு இறங்கல” என்றாள் இன்ஷிராஹ். “ஆராய்ச்சி பண்ணினியே, ஏதாவது பண்ணு.”

ஹாஸிம் குழந்தைமுன் நிமிர்ந்து நின்று கோப்பையை நீட்டினான். “ரீம், இது தண்ணீர். நீ இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும்.”

ரீம் தட்டிவிட்டாள். தண்ணீர் அவன் காற்சட்டையில் வழிந்தது.

“நல்லா இலக்கணமா சொன்னே தம்பி” என்றாள் பக்கத்து வீட்டு உம்மு ஃபத்ஹி. “புரிஞ்சுதான் தட்டிவிட்டா.”

ரீம் மடியிலிருந்து வழுக்கி இறங்கி உள்ளறைக்குத் தள்ளாடிப் போனாள். படுக்கையைச் சுருட்டியாயிற்று, கட்டிலில் வெறும் பலகை. அப்பாவின் காலிக் கோப்பையை எடுத்துப் பலகைமீது நீட்டிப் பிடித்தாள்.

“இம்பூ.”

காத்திருந்தாள். மறுபடி, “இம்பூ.”

“ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடிக்கவா?” வெளியிலிருந்து உம்மு ஃபத்ஹியின் குரல்.

“கொஞ்சம் இருங்க” என்ற ஹாஸிம், தண்ணீர் நிரப்பிய ரீமின் கோப்பையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அதைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுத் தரையில் குந்தினான். அவள் கையிலிருந்த காலிக் கோப்பையை மெதுவாக வாங்கினான். தொண்டையைச் செருமினான். கன்னத்தை உப்பவைத்து உறிஞ்சினான்.

“இம்பூ.”

ரீம் அவன் முகத்தையே பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு தன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, அவன் முறைக்காகக் காத்திருந்தாள்.

ஹாஸிம் காலிக் கோப்பையை மறுபடி வாயில் வைத்தான், இந்த முறை இன்னும் சத்தமாக.