படத்தில் வராத கை

அன்று மனைவி ஜெயசெல்வி தனக்குப் போட்டுவிட்டது நீலச் சட்டையா, கோடு போட்ட சட்டையா என்பது மைக்கேல்ராஜுக்கு இப்போது நிச்சயமில்லை. டாக்டர் பார்க்கும் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பவுடர் பூசியது மட்டும் நிச்சயம். வீடியோவில் டாக்டர் வரும் நாளில் அவள் பவுடர் பூசாமல் விட்டதே இல்லை.

போச்சம்பள்ளி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். மோட்டார் நியூரான் நோய் முதலில் அவர் கைகளை எடுத்துக்கொண்டது, பிறகு பேச்சை, அந்த மழைக்காலத்தில் கழுத்தை. புத்தி மட்டும் தெளிவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது. ஆமாம் என்றால் புருவத்தைத் தூக்குவார், இல்லை என்றால் கண்ணை மூடுவார். பர்கூரிலிருந்து பெங்களூர் போய்வரும் அலைச்சல் உடம்புக்கு ஆகவில்லை என்பதால், டாக்டர் காவியா போனிலேயே பார்த்துவந்தார்.

ஸ்டூல்மேல் குக்கரை வைத்து, அதில் போனைச் சாய்த்துவைப்பாள் ஜெயசெல்வி. படத்தில் அவர் முகம் மட்டும் தெரியும். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவள் குந்தி, பிடரியில் கைகொடுத்துத் தலையை நிமிர்த்திப் பிடித்திருப்பாள். பதில் சொல்வதும் அங்கிருந்தேதான்.

“தூக்கம் எப்படி?”

“ஜம்முனு தூங்கறாருங்க டாக்டர்.”

படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டியது. தலையணைகளில் சாய்ந்தபடி அவர் விழித்திருக்க, சுவரில் சாய்ந்தபடி அவளும் விழித்திருந்தாள். மூச்சு குறைந்தால் தொண்டையில் ஓட்டை போட்டுவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டையிலிருந்து காப்பாற்றத்தான் இந்தப் பவுடரும் சட்டையும். அது அவருக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரே ஒரு இரவாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும்போல் இருந்தது.

வலது காலில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. ஸ்டூலை உதைத்தார்.

குக்கர் உருண்டது. போன் தரையில் மல்லாந்து விழ, கீழேயிருந்து டாக்டருக்கு எல்லாமே தெரிந்தது.

“ஜெயசெல்வி அம்மா, அந்தக் கை யாருது?”

“எ… என்துதாங்க.”

“நல்ல பலமான கைதான். இத்தன நாளா அதுக்கா நான் வைத்தியம் பாத்தேன்?”

மைக்கேல்ராஜின் தொண்டையிலிருந்து கொரகொரவென்று சிரிப்பு வந்தது.

“சிரிப்பப் பாரு! ஒதைக்க மட்டும் தெம்பு வந்துருச்சாங்காட்டியும்?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போனை எடுத்து நிறுத்திக் கையை விலக்கச் சொன்னார் டாக்டர். தலை மெல்ல மார்பில் விழுந்தது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“இப்ப பிடிச்சுக்கங்க. ஆனா பதில அவரே சொல்லட்டும். சார், படுத்தா மூச்சு முட்டுதா?”

எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் புருவத்தைத் தூக்கினார்.

“ஓட்ட போட்ருவீங்களா டாக்டர்?” என்றாள் ஜெயசெல்வி, மிகத் தணிந்த குரலில்.

“யாரும்மா அப்படிச் சொன்னது? மூஞ்சில மாஸ்க் மாட்டற மிஷின் இருக்கு, தூங்கறப்ப போட்டுக்கலாம். டெஸ்ட் பண்ண வீட்டுக்கே ஆள் அனுப்பறேன்.”

மிஷின் வந்தது. டாக்டர் காவியா இன்றும் செவ்வாய்தோறும் போனில் வருகிறார். வலது கால் அடுத்த கோடையில் ஓய்ந்துபோனது. மைக்கேல்ராஜ் இப்போது இரவில் நீட்டிப் படுக்கிறார். பக்கத்துப் பாயில் ஜெயசெல்வி வாயைத் திறந்துகொண்டு, மிஷினையும் மீறிக் குறட்டை விடுகிறாள். சில இரவுகளில் விழிப்பு வந்தால், அவளை எழுப்பாமல் அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.